சாட்சிக்குப் பங்கு இல்லை

பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மனிதர், ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வருவார், வாசல்படியில் உட்காருவார், நெற்றி வியர்வையைத் துடைப்பார். அம்மா டம்ளரை நீட்டினால் இரண்டு கையையும் விரித்து, "தாக் போலே, அக்கா" என்பார். முடியாதாம். பிறகு தன் சைக்கிளில் தொங்கும் போத்தலை எடுத்து, காலையில் தன் வீட்டில் போட்ட தேநீரை, அது ஆறிக் கருத்துப்போயிருந்தாலும், எங்கள் முன்னாலேயே குடிப்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் மாமா, எங்க வீட்டுத் தண்ணியில விஷமா கலந்து வெச்சிருக்கோம்?" என்று கேட்டே விட்டேன்.

"உங்கம்மா ஒரு நாள் உயில் எழுதுவாங்க. அப்ப சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. சாட்சிக்குப் பங்கு இல்லே" என்றார்.

அம்மாவிடம் அப்போது இருந்த சொத்து ஓர் இடியாப்ப உரல், நான்கு அலுமினியச் சட்டி, நான். உயிலாம்! நான் சிரித்த சிரிப்பில் தைத்துக்கொண்டிருந்த துணி கோணிப்போனது.

மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் அவரைத் தெரியாதவர் கிடையாது. பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதவேண்டிய ஓரிடத்தில் அது எழுதியாகிவிட்டது. அவர் மலாக்கா செட்டி. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே வேர்விட்டவர்கள். கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவருக்கும் அக்கா, மாமா, பூஜை என்பதைத் தாண்டித் தமிழ் அதிகம் வராது. அம்மா அந்த வீடுகளில் வளர்ந்தவள், அதனால் அவரோடு அதே மலாயில் பேசுவாள். அவர் பேச்சை நான் இங்கே நம் தமிழில் போடுகிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. உயில்களையும், செத்தவர் வீட்டுச் சாமான் பட்டியல்களையும் பிரதி எடுப்பது அவர் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் சாட்சிக் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் யார் உயில் எழுதினாலும் கடைசியில் "அவரைக் கூப்பிடு" என்பார்கள். உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அதே உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், மற்றதெல்லாம் செல்லும், அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. அது சட்டம். சட்டம் உயிலோடு நின்றுவிடுகிறது. இவர்தான் அதைத் தேநீர், பலகாரம், சட்டைப் பொத்தான் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொத்தான் என்று சும்மா சொல்லவில்லை. வீட்டு முன்னறையில் நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். அவர் சட்டைப் பொத்தான் அறுந்தால் பொத்தானையும் கொண்டுவருவார், நூலையும் கொண்டுவருவார். ஒரு நாள் ஊசியையும் கொண்டுவந்து நீட்டினார்.

"மிஷினையும் தூக்கிட்டு வந்திருக்கலாமே மாமா" என்றேன்.

"கனம்" என்றார், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

உஜோங் பாசிரில் ஒரு வீட்டார் அவருக்கு டுரியான் பழம் நாலு கொடுத்தனுப்பியதும், அவர் அதை அப்படியே சைக்கிளில் கட்டித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்கள் தெருவில் வெகுநாள் பேச்சு. அவருக்கு டுரியான் என்றால் உயிர். அந்த வாசனையைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் மிதித்தவரை என்ன சொல்ல? பைத்தியம் என்றுதான் நான் சொன்னேன்.

ஆனால் பச்சை சைக்கிள் விஷயம் நடந்தபிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். கிளேபாங்கில் ஒரு கிழத் தச்சர். இவருடைய துருப்பிடித்த சைக்கிளைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்து, தன் பச்சை சைக்கிளை இவருக்கு என்று உயிலில் எழுதிவிட்டார். எழுதியவர், சாட்சிக்கு இவரையே கூப்பிட்டார். இவரிடம் இன்னொரு விதி இருந்தது: சாட்சி போடுகிறவன் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கக் கூடாது. ஒரு பழைய செய்தித்தாளை மேலே போட்டு மூடி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விட்டுவைத்துப் போடுவார். அன்றைக்கும் அப்படித்தான் போட்டார். பச்சை சைக்கிள் கைவிட்டுப் போனது.

தச்சர் இறந்து உயிலைப் பிரித்தபின், அவர் மகன் அந்த சைக்கிளை உருட்டிக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தான். இவர் எங்கள் வாசலில் இருந்தார்.

"மாமா, சட்டம் கிடக்கட்டும். அப்பா ஆசைப்பட்டாரு, எடுத்துக்கோங்க."

இவர் சைக்கிளின் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். "நல்ல மணி" என்றார். "உங்கப்பா ஆசைப்பட்டாரு இல்லே, அதை நான் எடுத்துக்கிட்டேன். சைக்கிளை நீ கொண்டு போ."

அன்று சாயங்காலம் அவர் சைக்கிளின் சங்கிலி எங்கள் முனை திரும்புவதற்குள் இரண்டு முறை கழன்றது. நான்தான் பழந்துணி கொடுத்தேன் கை துடைக்க. அதையும் துவைத்து மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அடுத்தவர் உயிலை அவர் படிக்கவே மாட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். தான் சாட்சி போட்டதைத்தான் படிக்க மாட்டார். செத்தவர்களின் பழைய உயில்கள் என்றால் கோர்ட்டின் தாள் அறையில் மூக்கை நுழைத்துக்கொண்டு படிப்பார். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுக்கட்டான தாள்கள், இங்கிலீஷில் நீள நீளமான வாக்கியங்கள். அவற்றை அவர் அடியிலிருந்து மேலே படிப்பார். "மேல இருக்கிறது வீடும் நிலமும். அது சண்டை போடுறவங்களுக்கு. அடியிலதான் மெத்தை, சட்டி, சேவல் எல்லாம் வரும். ஆளுங்க அங்கதான் இருப்பாங்க." எங்கள் தெருவில் ஒரு மாட்டுவண்டிக்காரர் குடும்பம், தங்கள் கொள்ளுத்தாத்தா பேரே தெரியாமல் இருந்தது. ஏதோ ஒரு வியாபாரி தன் வண்டிக்காரனுக்கு ஒரு ஜோடி மாடு எழுதிவைத்த வரியிலிருந்து அந்தப் பேரை இவர்தான் எடுத்துக் கொடுத்தார். மாடுகளின் பேரும் அதில் இருந்தது. வண்டிக்காரர் வீட்டில் மாட்டின் பேரைக் கேட்டுத்தான் அதிகம் அழுதார்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம், குடியுரிமைக்குப் பெயர் பதியப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க இவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மாவை நான் கூட்டிப்போனேன். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். அம்மாவுக்கு நானும் எனக்கு அம்மாவும்தான்.

"அப்பா பேரு?" என்று மாமா அம்மாவிடம் கேட்டார்.

"தெரியாது."

"அம்மா பேரு?"

"தெரியாது தம்பி. நான் வாங்கின பிள்ளை" என்றாள் அம்மா.

பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்டது. எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு ஓடலாம்போல இருந்தது. இது எனக்குத் தெரிந்த கதைதான். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அம்மா, பெயர் அஞ்சலை. மூன்று வயதில் காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டு எஜமானியான வயதான நோன்யா, அம்மாவுக்கு ஆறு வயதாகும்போது கண்ணை மூடிவிட்டார். பிறகு வீட்டை எடுத்துக்கொண்ட உறவுக்காரர்கள் அம்மாவைப் பாத்திரம் தேய்க்க வைத்து, "உன்னை ஒரு மூட்டை அரிசிக்கு வாங்கினது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அது அவளுக்குள் இறங்கிவிட்டது. ஐம்பது வயதிலும் யார் வீட்டுக்குப் போனாலும் பின்வாசலால்தான் போவாள். நாற்காலியில் உட்கார மாட்டாள். கல்யாணப் பந்தியில் கடைசியாகச் சாப்பிடுவாள். நான் திட்டினால், "என்ன விலைன்னு தெரிஞ்சவ எங்க உக்காருவா?" என்பாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"அந்த வீட்டுல சொன்னாங்க."

"தாள் இருக்கா?"

"எதுக்குத் தாள்?"

"வாங்கினா தாள் இருக்கும், அக்கா. பாத்துட்டு வரேன்."

மனு ஒரு சத்தியக் கடுதாசியோடு சரியாகிப் போனது. நாட்டுக்கு அம்மா பிரஜையாகிவிட்டாள். ஆனால் 'பெற்றோர்' என்ற இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலியிடம் என் மனதில் கல்லாகக் கிடந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தை எல்லாம் கோர்ட்டுத் தாள் அறையில் கழித்தார். அந்தக் குடும்பத்து உயில்கள், சாமான் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாசல்படியில் உட்கார்ந்து, "இன்னும் இல்லே, அக்கா" என்பார். அம்மா தேநீர் நீட்டுவாள், அவர் கையை விரிப்பார். இப்படியே நாலைந்து மாதம். "விட்டுடுங்க தம்பி, செத்தவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றுகூட அம்மா சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் பட்டப்பகலில், ஆபீஸ் நேரத்தில் வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, போட்டார். அது தெருவில் விழுந்து கிடந்தது. அதுவரை எங்கள் வீட்டுப் படியைத் தாண்டாதவர் நேரே உள்ளே வந்துவிட்டார்.

"அக்கா, நான் முட்டாள்" என்றார்.

கையில் அவர் பிரதி எடுத்த தாள்.

"அந்த நோன்யாவோட உயிலை நான் முதல் மாசமே பாத்துட்டேன். வாங்கின பிள்ளைன்னு நீங்க சொன்னீங்களா, வேலைக்காரங்க வரிசையில தேடினேன். என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, அடியிலேர்ந்து படிச்சேன். சமையல்காரி இருந்தா, தோட்டக்காரன் இருந்தான், நீங்க இல்லே. மூடி வெச்சுட்டேன். இன்னிக்கு வேற எதுக்கோ திரும்ப எடுத்தேன். நீங்க முதல் பக்கத்துல இருக்கீங்க, அக்கா. பிள்ளைங்க இருக்கிற இடத்துல."

இங்கிலீஷில் இருந்ததை நின்றபடியே மலாயில் சொன்னார். எனக்கு இன்றும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

'என் வயிற்றில் பிறந்தவர்கள் எவரும் இப்போது உயிரோடு இல்லை. பெற்றவளை நானே அடக்கம் செய்து, என் கைக்கு வந்த அஞ்சலை என் மகள். என் அறையில் உள்ள சின்னக் கட்டில் அவளுடையது. என் கெபாயாச் சட்டையில் குத்தும் மூன்று தங்க ஊக்குகளும் அவளுக்கு. போகியன்று எனக்கு இலை போட வேண்டியவள் அவளே.'

அம்மா தரையில் உட்கார்ந்து இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே மாவுக்குள் நின்றுவிட்டது.

அவர் விடவில்லை. நோன்யா வீட்டுச் சாமான் பட்டியலையும் எடுத்தார். "பாருங்க. அந்த வீட்டுல காசு குடுத்து வாங்கினது எல்லாம் இதுல இருக்கு. அலமாரி இருக்கு, அம்மி இருக்கு, கோழிக்கூண்டுகூட இருக்கு. 'சின்னக் கட்டில், குழந்தையுடையது, விற்பதற்கில்லை'ன்னு எழுதியிருக்கு. நீங்க இந்தப் பட்டியல்ல இல்லே. பொருளுக்கு யாரும் உயில்ல எதுவும் எழுதிவைக்க மாட்டாங்க, அக்கா. ஆளுக்குத்தான் எழுதுவாங்க."

"அப்ப அந்த அரிசி மூட்டை?" என்றாள் அம்மா.

"அது தாள்ல இல்லே. தாள்ல இல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கம் பண்ணினவங்க வந்தவங்களுக்குச் சோறு போட்டிருப்பாங்க, அதுக்கு ஒரு மூட்டை அரிசி ஆகியிருக்கும். அப்படி நீங்க நினைச்சுக்கலாம்."

"இன்னொரு தரம் படிங்க தம்பி."

படித்தார். மூன்றாவது தரமும் படித்தார். அம்மா எழுந்து கையைக் கழுவினாள். என் தையல் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்துதான் அழுதாள். எனக்கோ தங்க ஊக்கை அமுக்கிக்கொண்ட அந்த உறவுக்காரர்கள் மேல் கோபம். "வா, போய்க் கேட்போம், மூணு ஊக்கையும் வாங்காம விடக்கூடாது" என்று குதித்தேன். "ஊக்கு எதுக்குடி எனக்கு?" என்றாள் அம்மா. அவள் கேட்டதும் சரிதான்.

அன்றைக்காவது குடிப்பார் என்று அம்மா தேநீர் போட்டு வந்தாள். மனிதர் இரண்டு கையையும் விரித்தார்.

"ஐயோ மாமா, இன்னைக்குமா?" என்று கத்தினேன்.

"அக்கா உயிலுக்கு நான்தானே சாட்சி" என்றார். போத்தலைத் தேடினார். அது தெருவில் சைக்கிளோடு விழுந்து உடைந்து கிடந்தது. வெறும் வாயோடு ஆபீஸுக்குப் போனார்.

அடுத்த போகிக்கு அம்மா இலை போட்டாள். செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்கு வாழையிலை விரித்து, அவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்பார்கள். சாம்பிராணி போட்டு, வந்தவர்கள் சாப்பிட நேரம் கொடுத்துக் காத்திருப்பார்கள். அம்மா அதுவரை மற்ற வீட்டு அடுப்படியில் நின்று அந்த இலைகளுக்குச் சமைத்துக் கொடுத்தவள். அந்த வருஷம் தன் வீட்டில், தன் கையால், நோன்யாவுக்கு என்று விரித்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் பசியோடு இருந்திருப்பார் என்று இரண்டு பங்கு வைத்தாள். அவரும் வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் பின்னால இவ போடுவா" என்றார் அம்மாவிடம், என்னைக் காட்டி.

"உங்களுக்கு யாரு போடுவா தம்பி?"

அவர் சிரித்தார். "நான் சாட்சிதானே, அக்கா."

சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினார். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அவர் இலையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். ஊரில் எத்தனையோ உயில்களில் அவர் பேர் இருந்தது, எல்லாவற்றிலும் கடைசி வரிக்குக் கீழே. அம்மாவும் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு மாதிரி யோசனையாகவே இருந்தாள்.

தையும் மாசியும் போனபின் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மலாய் வாத்தியாரையும் மளிகைக்கடைப் பாயையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வாத்தியார் எழுதினார், அம்மா பெருவிரலை வைத்தாள், அவர்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது பார்த்தா அவர் சைக்கிளில் வர வேண்டும்! ஜன்னல் வழியே மேசையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பாயின் கையில் பேனாவைப் பார்த்தார். பிரேக் பிடித்தவர் இறங்காமலே போய்விட்டார்.

அதன்பிறகு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். பத்து நாள் பொறுத்தாள் அம்மா. "போய்க் கூட்டிட்டு வாடி. வரலேன்னா சைக்கிளைப் பிடுங்கிட்டு வா" என்றாள்.

வந்தார். படியில் உட்கார்ந்தார். முகம் சின்னப்பிள்ளை முகமாக இருந்தது.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் போட்டேன். உங்களுக்கு மட்டும் என் கையெழுத்து வேணாமா, அக்கா?"

"வேணாம்" என்றாள் அம்மா. உள்ளே போய் உயிலை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "படிங்க. நீங்கதான் சாட்சி இல்லையே, படிக்கலாம்."

பழக்கதோஷம், அடியிலிருந்து ஆரம்பித்தார். இடியாப்ப உரல் எதிர்வீட்டுக்காரிக்கு. சட்டிகள் இன்னாருக்கு. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் விளங்காமல்.

"மேல படிங்க தம்பி. முதல் வரி."

முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. 'என் தம்பி' என்று போட்டு, அவர் முழுப்பெயர். அதன் கீழே: 'நான் இருக்கும்வரை நானும், எனக்குப் பின் என் மகளும், ஒவ்வொரு போகிக்கும் அவருக்கு ஓர் இலை போட வேண்டும்.'

அவர் அதை எத்தனை தரம் படித்தாரோ தெரியாது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இலை சொத்து இல்லே, அக்கா" என்றார் கடைசியில். "இது சட்டப்படி நிக்காது."

"நிக்காட்டி போகுது. இவ போடுவா."

"நான்தான் முன்னால போவேன்னு என்ன நிச்சயம்?"

"யாரு முன்னால போனாலும் போடுறதுக்கு ஆள் இருக்கு. இனிமே நீங்க சாட்சி இல்லே. இந்தாங்க."

டம்ளரை நீட்டினாள். அவர் கைகள் பழக்கத்தில் பாதி விரிந்தன. அப்படியே நின்றன. பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆவி பறக்கப் பறக்க, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சீனி அதிகம்" என்றார்.

சில வருஷம் கழித்து அவர் காலமானார், பின்னாலேயே அம்மாவும் போய்விட்டாள். அவருக்கு நன்றி சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்திருக்கிறேன். அதையும் வாங்கிக்கொள்ள மாட்டார் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு போகிக்கும் மூன்று இலை விரிக்கிறேன். நோன்யாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. மாமாவின் இலைக்குப் பக்கத்தில் டுரியான் ஒரு சுளையும் ஒரு டம்ளர் தேநீரும் வைப்பேன். சீனி அரைக்கரண்டிதான் போடுகிறேன்.